நீலம் மேலே, வெள்ளை கீழே

பொத்தான் வாங்கப் போன நான் ஒரு பேணி நிறைய நாடுகளைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன்.

திருகோணமலைக் கடைத்தெருவில் தையல் சாமான் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். கிண்ணியாக்காரர். மகனுடைய வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லிக் கடையை மூடிக்கொண்டிருந்தார். நூல், ஊசி, லேஸ் எல்லாம் எனக்கு முன்னமே வந்தவர்கள் அள்ளிப் போயிருந்தார்கள். மிஞ்சிக் கிடந்தது பலவகைப் பொத்தான்கள் கலந்து கிடந்த ஒரு பழைய தகரச் சிகரெட் பேணி.

"பேணியோட கொண்டு போங்க தங்கச்சி," என்றார். "அடியில கொஞ்சம் பழைய படமும் கிடக்கு. என்ட வாப்பாட வாப்பா கப்பல் திருத்துற டொக்யாட்ல வேலை செஞ்சவர். அந்தக் காலத்துல வெள்ளக்காரன்ட சிகரெட் பெட்டிக்குள்ள வந்த படங்கள். எங்கட வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வேணாமாம்."

நான் லிங்கநகரில் வீட்டு முன்னறையில் தையல் மெசின் போட்டுத் தைப்பவள். பள்ளிக்கூடச் சீருடை, சட்டை, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பேன். கணவர் கொழும்பில் வேலை. அவருடைய தங்கை, என் மச்சாள், அடுத்த ஒழுங்கையில் இருக்கிறாள். அவள் ஓட்டோ ஓட்டுகிறாள். உட்துறைமுகப் பக்கம் இறங்குதுறைக்கு எதிரே மர நிழலில் ஓட்டோவை விட்டுக்கொண்டு நிற்பாள். பாய்மரப் படகில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சந்தைக்குப் போக அவளைத்தான் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க ஆட்களோடு கதைத்துக் கதைத்து அவளுடைய குரல் எப்போதும் ஒரு படி உயரத்தில்தான் இருக்கும்.

அன்று பின்னேரம் பொத்தான்களைப் பேப்பரில் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் தேத்தண்ணி குடிக்க வந்தாள். பேணியின் அடியில் எண்ணெய்த் தாளில் சுற்றிய கட்டு ஒன்று இருந்தது. அவள்தான் பிரித்தாள்.

"ஐயோ மச்சாள், இங்க பாருங்கோ! கொடி! முழுக்கக் கொடி!"

விளையாட்டுச் சீட்டை விடச் சிறிய அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் கொடி காற்றில் மடிந்து பறப்பது போல வரைந்திருந்தது. மடிப்பின் உள்பக்கத்துக்கு நிழல்கூடக் கொடுத்திருந்தார்கள். இத்தனை வருடம் இருட்டில் கிடந்ததாலோ என்னவோ, சிவப்பு நேற்று அச்சடித்த மாதிரி இருந்தது. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் அந்த நாட்டைப் பற்றி நாலு வரி. அல்பத்தில் ஒட்டுவதற்காகப் பின்பக்கம் முழுக்கப் பசை தடவியிருந்தார்கள். எங்கள் ஊர் வெக்கையில் அந்தப் பசை இளகி, பாதி அட்டைகள் ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

நான் நகத்தால் பிரிக்கப் போனேன். மச்சாள் கையைப் பிடித்துவிட்டாள்.

"பிய்ச்சுப் போடாதேங்கோ! ஆவியில பிடிச்சா விட்டிடும். முந்தி முத்திரை கழட்டினது அப்பிடித்தானே?"

இருவரும் குசினிக்கு ஓடினோம். கேத்திலை அடுப்பில் வைத்து, ஆவி வரும் மூக்கில் அட்டைகளைக் காட்டிக் காட்டி எடுத்தோம். ஒவ்வொரு சோடியும் மெல்லப் பிரிந்து உள்ளே இருந்த கொடி வெளியே வரும்போது இருவரும் கத்தினோம். தைப்பவள் கண்ணுக்கு வேறொன்றும் தெரிந்தது. பிரான்சு, இத்தாலி எல்லாம் சும்மா மூன்று துண்டு, கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். பிரித்தானியக் கொடி மூலைக்கு மூலை வெட்டி மறித்துத் தைக்கவேண்டும், துணி இழுத்துவிடும். வட்டத்துக்குள் நட்சத்திரமாகக் கிடந்த பிரேசிலைப் பார்த்ததும் கும்பிட்டு ஒரு பக்கம் வைத்தேன். பாரசீகக் கொடியில் வாள் பிடித்த சிங்கம் ஒன்று நின்றது. மச்சாள் அதை எங்கள் நாட்டுக் கொடி என்றே நினைத்துவிட்டாள்.

"பின்னால சூரியன் நிக்குது, தெரியேல்லையோ?" என்றேன்.

"சூரியன் எங்கட ஊரிலயும் நிக்குதுதானே!"

அந்தச் சிங்கத்தின் முதுகில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அதுதான் கடைசி, விடவே மாட்டேன் என்றது. கேத்தில் தண்ணீர் வற்றி மறுபடி ஊற்றவேண்டி வந்தது. விட்டபோது பார்த்தால் நீலம், கறுப்பு, வெள்ளை என்று மூன்று பட்டை. கறுப்பு நடுவில் வந்த கொடியை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னால் பசை உரிந்து எழுத்துப் பாதி போயிருந்தது. பெயர் மட்டும் தப்பியிருந்தது: எஸ்தோனியா.

"இப்பிடியொரு நாடு இருக்கோ?" என்றேன்.

மச்சாள் ஏற்கனவே போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். "ஓம், இருக்கு! வடக்கில, நல்ல குளிர் நாடு. நடுவில கன காலம் ரஷ்யாவோட சேர்த்து வச்சிருந்தவங்களாம். பிறகு திரும்ப வந்திட்டுதாம். கொடியும் அதேதான் மச்சாள், ஒரு மாற்றமும் இல்ல!"

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு விளையாட்டு. அட்டையில் உள்ள கொடி எங்கள் துறைமுகத்தில் நிசமாகவே பறக்கவேண்டும். மச்சாள் கண்டால் மட்டும் போதாது, நானும் வந்து காணவேண்டும். கண்ட கொடியின் அட்டை என் மெசின் மேசையில் இருக்கும் கண்ணாடிக்குக் கீழே போகும். மச்சாள் போன் எடுப்பாள்: "பிரான்சு வந்து நிக்குது!" நான் கையில் இருந்த கத்தரிக்கோலோடு போய் ஓட்டோவில் ஏறிய நாளும் உண்டு. யப்பான் ஒரு பெரிய சாம்பல் நிறக் கப்பலில் வந்தது. ஒல்லாந்து ஒரு கிழவர் தனியாக ஓட்டி வந்த சின்னப் படகில் வந்தது. கடலே இல்லாத சுவிஸ் நாட்டின் கொடி ஒரு படகின் பின்னால் பறந்ததைக் கண்ட அன்று மச்சாள் உட்துறைமுக வீதியிலேயே கைதட்டினாள். வேலை முடிந்து போன ஒரு அண்ணன் சைக்கிளை நிறுத்தி, என்ன கலியாணமோ என்று கேட்டார்.

படகுகள் வரும் காலம் தையும் மாசியும்தான். போன மாசியில் ஒரு காலை, நான் சீருடைத் துணி வெட்டிக்கொண்டிருக்கப் போன் அடித்தது. மச்சாள் மூச்சு வாங்கினாள்.

"மச்சாள், நீலம் கறுப்பு வெள்ளை!"

"எஸ்தோனியாவோ?"

"அதுதான் தெரியேல்ல! கிழிஞ்சு போய்க் கிடக்கு. வெள்ளையில பாதி இல்ல. வெளிக்கிட்டு நில்லுங்கோ, வாறன்!"

நான் வாசலுக்கு வர ஓட்டோவும் வந்துவிட்டது. அவள் அன்று ஓட்டிய ஓட்டத்தை அவளுடைய அண்ணனிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. உட்துறைமுக வீதியில் இறங்கிக் கையால் வெயிலை மறைத்துப் பார்த்தோம். குடாவின் நடுவே வெள்ளைப் படகு ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. பின்னால் ஒரு கம்பில் கொடி என்று சொல்லமுடியாத ஒன்று அடித்துக்கொண்டிருந்தது. ஓரம் முழுக்கத் தும்பு தும்பாகப் பிரிந்து, கறுப்பு வெளிறிச் சாம்பலாகி, நீலம் வெளிறிப் பால் போல ஆகியிருந்தது.

"சாம்பல் எண்டா வேற நாடாயும் இருக்கலாம்," என்றேன்.

"அட்டையக் கொண்டு வந்தனீங்களோ?"

கொண்டு வந்திருந்தேன். ஊசிப் பெட்டிக்குள் வைத்து.

சற்று நேரத்தில் படகிலிருந்து ஒரு ரப்பர் வள்ளம் கரைக்கு வந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியும் அவருடைய கணவரும். தண்ணீர்க் கான்களோடு இறங்குதுறையில் ஏறினார்கள். மச்சாளுக்கு ஓட்டோ ஆங்கிலம் நன்றாக வரும். எனக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம். பெண்மணியின் ஆங்கிலமும் மெதுவாக, சொல்லுச் சொல்லாகத்தான் வந்தது. அதனால் மூவருக்கும் சரியாகிவிட்டது. மச்சாள் வழக்கமான "மார்க்கெட் மேடம்?" கூடக் கேட்கவில்லை. நேரே "எஸ்தோனியா?" என்றாள்.

அந்தப் பெண்மணி திகைத்துப்போனார். வந்த வழி முழுக்க எவருமே அந்தக் கொடியைப் பார்த்து நாட்டைச் சொன்னதில்லையாம். நான் அட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கி முன்னால் பார்த்தார். திருப்பிப் பின்னால் பார்த்தார். பிறகு தண்ணீர்க் கானைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கணவரைக் கூப்பிட்டுத் தங்கள் மொழியில் ஏதோ சொன்னார். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

பெண்மணி எங்களுக்குச் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்த ரஷ்ய ஆட்சிக் காலத்தில் அந்தக் கொடியை வீட்டில் வைத்திருந்தாலே சிறை. அவருடைய தாய் வருடத்தில் ஒரு நாள் மட்டும் உடுப்புத் தோய்த்துக் கயிற்றில் காயப்போடும்போது ஒரு நீல முன்சீலை, ஒரு கறுப்புச் சால்வை, ஒரு வெள்ளைத் துவாய் என்று வரிசையாகப் போடுவாராம். ஒருவரும் ஒன்றும் கேட்க ஏலாது, ஈர உடுப்புத்தானே. அயலில் இருந்தவர்கள் வேலிப்பக்கம் வந்து நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்களாம். காய முன்னமே தாய் எடுத்து மடித்துவிடுவாராம். ஏனென்று விளங்க இவருக்குக் கன காலம் எடுத்ததாம்.

"இது அதுக்கெல்லாம் முந்தி அடிச்ச படம்," என்று அட்டையைத் தடவினார். "எங்கள் அம்மா பிறந்த காலத்துக் கொடி. இங்கேயா இருந்தது?"

"பொத்தானுக்குக் கீழ," என்றாள் மச்சாள், தமிழிலேயே.

நான் படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழிந்த அந்தத் துணி என்னைப் பொறுக்கவிடவில்லை. தைப்பவளால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க ஏலாது. வேறு கொடி இல்லையா என்று கேட்டேன். கொண்டுவந்த இன்னொன்றும் வங்காள விரிகுடாக் காற்றில் போய்விட்டது என்றார். நாளை மறுநாள் மாலைதீவுக்குப் புறப்படுகிறார்களாம்.

"நான் தைத்துத் தருகிறேன்," என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. என் வாழ்நாளில் நான் ஒரு கொடி தைத்ததில்லை.

பெண்மணியின் கணவர் படகுக்குத் திரும்பப் போய்க் கிழிந்த கொடியைக் கொண்டுவந்து தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தோம். முதல் சிக்கல் நீலம். அட்டையில் ஒரு நீலம், கொடியில் வெளிறிய நீலம், மச்சாளின் போனில் பார்க்கும் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு நீலம். பெண்மணி சொன்னது ஒரு பூவின் நீலம், அந்தப் பூ எங்கள் ஊரில் இல்லை.

கயிறு போகும் பக்கத்து விளிம்பைத் தொட்டபோது எனக்குப் பொறி தட்டியது. மடித்துத் தைத்த இடத்துக்குள் வெயில் போயிருக்காது. பிளேடால் தையலை மெல்ல அறுத்து மடிப்பைப் பிரித்தேன். உள்ளே விரல் அகலத்துக்கு நீலம், கடைக்குப் புதிதாய் வந்த துணி போல.

"அம்மாடி!" என்றாள் மச்சாள். "இதுதானோ அது!"

அந்தத் துண்டை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனோம். கறுப்பும் வெள்ளையும் உடனே கிடைத்தன, காற்றுக்கு நிற்கும் மெல்லிய பொலியெஸ்டர். நீலம் மட்டும் இல்லை. முதல் கடையில் முடிந்துவிட்டது. இரண்டாவது கடையில் கடும் நீலம். அடுத்ததில் ஆகாய நீலம். விற்கும் பிள்ளை சிரித்தாள்: "அக்கா, இப்ப எல்லாப் பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகளை நிறத்துக்கொரு இல்லமாப் பிரிச்சு விளையாட்டுப் போட்டி. நீல இல்லக்காரர் வந்து வாரிக்கொண்டு போயிட்டினம். சிவப்பு வேணுமெண்டாச் சுருள் சுருளாக் கிடக்கு."

மச்சாள் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். "நீல இல்லம்! உங்களிட்டச் சட்டை தைக்கிற உப்புவெளி ரீச்சர் எந்த இல்லம்?"

நான் போன் எடுத்தேன். ரீச்சர் மைதானத்தில் நின்றார். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம். கத்தித்தான் கதைக்கவேண்டி இருந்தது.

"ரீச்சர், நீங்கள் எந்த இல்லம்?"

"நீலம்! ஏன்? இண்டைக்குத்தான் போட்டி!"

உப்புவெளிக்கு நாங்கள் போய்ச் சேர, கோல் மாற்றி ஓடும் அஞ்சல் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. நீல இல்லத்தின் கூடாரம் ஒரு கப்பல் போலச் சோடிக்கப்பட்டிருந்தது. அதன் அலைகள் முழுக்க நாங்கள் தேடிய துணி. என் கையில் இருந்த துண்டை அலையின் மேல் வைத்துப் பார்த்தேன். எங்கே துண்டு, எங்கே அலை என்று தெரியவில்லை. ரீச்சரிடம் விசயத்தைச் சொன்னேன். எஸ்தோனியா என்றதும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொடி என்றதும் விளங்கிவிட்டது. சோடனைக்கு வெட்டி மிஞ்சிய துணி பைக்குள் இருக்கிறது என்று தந்தார். அதே நேரம் நீல இல்லப் பிள்ளை முதலாவதாக வந்து முடித்தாள். ரீச்சரும் மச்சாளும் கட்டிப்பிடித்துத் துள்ளினார்கள். மச்சாளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தோடு ஒரு சம்பந்தமும் கிடையாது.

மறுநாள் காலை விடிந்ததும் மெசினில் இருந்துவிட்டேன். மூன்று பட்டையும் ஒரே அகலம். பொருத்தும் இடத்தில் விளிம்பை உள்ளே மடித்து மறுபடி மடித்து இரட்டைத் தையல் போட்டேன், காற்று நகம் வைக்க இடம் இருக்கக்கூடாது. பறக்கும் ஓரத்துக்கு இன்னும் ஒரு தையல் கூட. கயிறு போகும் பக்கத்தைத் தைக்க எடுத்தபோது மச்சாள் அலறினாள்.

"நிப்பாட்டுங்கோ! எது மேல?"

மெசினை நிறுத்தினேன். மேல் முனைக்கான கயிற்றுக் கண்ணியை வெள்ளைப் பக்கத்தில் வைத்துப் பிடித்திருந்தேன். அப்படியே தைத்திருந்தால் நாடு தலைகீழாகத் தொங்கியிருக்கும். நீலம் மேலே, வெள்ளை கீழே என்று சொல்லிச் சொல்லித் திருப்பி வைத்துத் தைத்தேன். முடித்து உதறியபோது முன்னறை முழுக்க ஒரு காற்று வந்த மாதிரி இருந்தது.

நாங்களே படகுக்கு வந்து கட்டவேண்டும் என்று பெண்மணி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ரப்பர் வள்ளம் வந்தது. கொழும்பு வீதியில் லொறிகளுக்கு நடுவே புகுந்து ஓடும் என் மச்சாள் இறங்குதுறை விளிம்பில் பின்வாங்கினாள்.

"மூண்டு சில்லு இருந்தா நான் எங்கயும் போவன். இதில ஒரு சில்லும் இல்ல!"

"நானும்தானே வாறன், ஏறுங்கோ."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியாது."

"பிறகென்ன தைரியம்!" என்று சொல்லிக்கொண்டே கண்ணை மூடி ஏறினாள். போய்ச் சேரும்வரை என் கையை விடவில்லை.

படகு உள்ளே ஒரு சிறிய வீடு. குசினி, அலுமாரி, மடிக்கும் கதிரை எல்லாம் இருந்தன. கோப்பி தந்தார்கள், நாங்கள் ஒரு வாய்தான் குடித்திருப்போம். எனக்குக் கை பரபரத்தது. பின்னால் போய்க் கம்பில் மேல் முடிச்சைப் பெண்மணி பிடிக்க, கீழ் முடிச்சை நான் போட்டேன். கொஞ்ச நேரம் அது சும்மா தொங்கியது. நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு துறைமுக வாயில் பக்கமிருந்து காற்று தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு வந்தது. கொடி ஒரு முறை மடிந்தது. அடுத்த கணம் பட்டென்று முழுதாக விரிந்தது.

மச்சாள் கூவிய கூவலில் கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்மணியின் கணவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். பெண்மணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். நான் மட்டும் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறக்கும் ஓரம் கொஞ்சமும் சுருங்கவில்லை. எனக்குத் துள்ளவேண்டும் போல இருந்தது, படகு ஆடிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

பெண்மணி மறுபடி பார்க்கட்டும் என்று அட்டையையும் கொண்டு போயிருந்தோம், ஆனால் கொடுக்கவேண்டாம் என்று வரும் வழியிலேயே மச்சாள் எனக்குச் சொல்லியிருந்தாள். "துணி குடுக்கிறம், காணும். அட்டை போனாக் கட்டில ஒண்டு குறைஞ்சிடும்." நானும் தலையாட்டியிருந்தேன். புறப்படும் நேரம் பெண்மணி அட்டையை ஒருமுறை கடைசியாகப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் கை நீட்ட முதல் மச்சாள் குறுக்கே வந்தாள். அட்டையை வாங்கி, பெண்மணியின் கையை விரித்து, அதற்குள் வைத்து மூடினாள்.

"மதர்," என்றாள். "யுவர் மதர்."

அதற்கு மேல் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. வேண்டியும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை அவர்கள் போனார்கள். உட்துறைமுக வீதியில் நின்று பார்த்தோம். படகு சின்னதாகிச் சின்னதாகிப் போயும் நீலமும் கறுப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரிந்தன. சில வாரத்துக்குப் பிறகு மாலைதீவிலிருந்து ஒரு படம் போனுக்கு வந்தது. பச்சைக் கடல், அதே கொடி, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. அதை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தையலைத்தான் பார்த்தேன்.

படகுக்காரர்கள் தங்களுக்குள் கதைப்பார்கள் போல. இந்த வருடம் தை பிறந்ததும் ஒரு பிரெஞ்சுத் தம்பதி மச்சாளிடம் வந்து, கொடி தைக்கும் பெண் எங்கே என்று கேட்டார்களாம். அடுத்துப் போகும் நாட்டுக் கொடியை மரியாதைக்காகப் படகில் கட்டவேண்டுமாம், அது அவர்களிடம் இல்லையாம். மாலைதீவுக்குப் பிறை வெட்டப் பழகினேன். வளைவில் துணி சுருங்காமல் எடுக்க மூன்று துணி பழுதாக்கினேன், நாலாவது சரி வந்தது. பள்ளிக்கூடச் சீருடைக்கு நடுவே இப்போது வாரத்துக்கு ஒரு நாடாவது என் மெசினில் ஏறி இறங்குகிறது.

நேற்று மச்சாள் ஓட்டோவை வாசலில் நிறுத்தி இறங்காமலே கத்தினாள்: "மச்சாள், சீஷெல்ஸ் தைப்பீங்களோ? ஓம் எண்டு சொல்லிப்போட்டன்!"

போனில் பார்த்தேன். ஒரு மூலையிலிருந்து ஐந்து நிறம் விசிறி போல விரிகிறது. எல்லாக் கோடும் சரிவு, ஒரு துண்டும் இன்னொரு துண்டின் அளவில்லை. பார்த்த உடனே தலை சுற்றியது. உடனே கை அரிக்கவும் தொடங்கியது. மெசினில் இருந்த பாதிச் சட்டையை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, தாளில் அந்த மூலையை வரையக் குந்தினேன்.